விர்ச்சுவல் டெஸ்க்டாப், ரெசல்யூஷன், ஸ்கேலிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. சொந்தபந்தத்திலும் அதே வேலைதான், சம்பளம் மட்டும் கிடையாது. திரை பற்றி வருகிற கேள்விகளைப் பிரித்துப் பார்த்தால் இரண்டே புகார்கள்: இடம் போதவில்லை, எழுத்து தெரியவில்லை. முதலாவதற்கு விர்ச்சுவல் டெஸ்க்டாப் இருக்கிறது, இரண்டாவதற்கு எழுத்தையும் பட்டனையும் பெரிதாக்கிக் காட்டுகிற ஸ்கேலிங் இருக்கிறது. ஆனால் இரண்டுக்கும் ஆட்கள் நேராகப் போய்க் கை வைப்பது ரெசல்யூஷனில், அதாவது திரை எத்தனை பிக்சலில் (புள்ளியில்) படம் காட்ட வேண்டும் என்ற அமைப்பில். அங்கேதான் குழப்பம் தொடங்குகிறது. கீழே இருப்பது பெரும்பாலும் விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். மேக், லினக்ஸ் ஆட்களுக்குக் கடைசியில் கொஞ்சம்.

விர்ச்சுவல் டெஸ்க்டாப் என்பது இன்னொரு மானிட்டர் மாதிரியா?

இல்லை. மானிட்டர் ஒன்றுதான், அதில் ஒரு நேரத்தில் ஒரு டெஸ்க்டாப்தான் தெரியும். மேசை முழுக்கக் கணக்கு நோட்டுகளைப் பரப்பி வைத்திருக்கிறீர்கள், திடீரென்று ஒரு கடிதம் எழுத வேண்டும். நோட்டுகளை மூடி அடுக்காமல் மேசையை அப்படியே பக்கத்து அறைக்குத் தள்ளிவிட்டு, வெறும் மேசை ஒன்றை இழுத்துப் போட்டுக்கொள்கிற வசதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் கீ, கண்ட்ரோல், டி (D) மூன்றையும் சேர்த்து அழுத்தினால் புது டெஸ்க்டாப். விண்டோஸ் கீ, கண்ட்ரோலுடன் இடது அல்லது வலது அம்புக்குறி அழுத்தினால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகலாம். விண்டோஸ் கீயும் டேப்பும் அழுத்தினால் டாஸ்க் வியூ திறக்கும், அதில் எல்லா டெஸ்க்டாப்பும் வரிசையாகத் தெரியும். ஒரு விண்டோவை வேறு டெஸ்க்டாப்புக்கு மாற்ற வேண்டுமென்றால் அங்கேதான் பிடித்து இழுத்துப் போட வேண்டும், இதற்கென்று தனி கீபோர்டு ஷார்ட்கட்டை விண்டோஸ் தரவில்லை, ஏன் தரவில்லை என்று எனக்கும் பல வருடமாகக் கோபம். லேப்டாப் டச்பேடில் நான்கு விரலால் இடமோ வலமோ தள்ளினாலும் மாறும்.

ஐகான்களும் ஃபைல்களும் எல்லா டெஸ்க்டாப்பிலும் அவையேதான். "இரண்டாவது டெஸ்க்டாப்பில் ஃபைலைச் சேமித்தேன், முதலாவதிலும் வந்துவிட்டது" என்று ஒருவர் பதறிப்போய் வந்தார். தனித்தனியாகப் பிரிவது திறந்திருக்கிற விண்டோக்கள் மட்டும்தான்.

ஒரு டெஸ்க்டாப்பை மூடினால் அதில் திறந்திருந்த வேலை போய்விடுமா?

போகாது. விண்டோஸ் கீ, கண்ட்ரோல், எஃப்4 அழுத்தினால் அந்த டெஸ்க்டாப் மட்டும் மறையும், அதிலிருந்த விண்டோக்கள் பக்கத்து டெஸ்க்டாப்புக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆனால் இதில் கண்ட்ரோலுக்குப் பதில் தவறி ஆல்ட்டும் எஃப்4-ம் அழுத்திவிட்டால் கையிலிருக்கிற புரோகிராமே மூடிக்கொள்ளும், ஜாக்கிரதை.

நிறைய டெஸ்க்டாப் வைத்தால் மெஷின் ஸ்லோ ஆகுமா?

டெஸ்க்டாப்பினால் ஆகாது, அதில் நீங்கள் திறந்து போடுவதால் ஆகும். கண்ணில் படாவிட்டாலும் அந்தப் புரோகிராம்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. 4 ஜிபி ராம் உள்ள மெஷினில் நாற்பது பிரவுசர் டேபை நான்கு டெஸ்க்டாப்பில் பிரித்து வைத்தாலும் அது நாற்பது டேப்தான். என் அனுபவத்தில் மூன்றைத் தாண்டினால் எது எங்கே என்று மனசில் நிற்பதில்லை. எனக்கு மெயிலும் அரட்டையும் ஒன்று, செய்கிற வேலை ஒன்று, மற்ற சில்லறைகளுக்கு ஒன்று. டாஸ்க் வியூவில் டெஸ்க்டாப் பெயரைக் கிளிக் செய்து தமிழிலேயே பெயர் வைக்கலாம். விண்டோஸ் 11-ல் ஒவ்வொன்றுக்கும் தனி வால்பேப்பர் போடலாம்; அலங்காரம் என்று நினைக்காதீர்கள், எந்த டெஸ்க்டாப்பில் நிற்கிறோம் என்று ஒரு பார்வையில் தெரிவதற்கு இதைவிட நல்ல வழி இல்லை.

ஒவ்வொரு டெஸ்க்டாப்புக்கும் தனி வால்பேப்பர் முடியும் என்றால் தனி ரெசல்யூஷனும் முடியும்தானே?

முடியாது. வால்பேப்பர் டெஸ்க்டாப்பின் சொத்து, ரெசல்யூஷன் மானிட்டருக்குப் போகிற சிக்னலின் சொத்து. கிராபிக்ஸ் சிப் ஒரு நொடிக்கு அறுபது தடவையோ அதற்கு மேலோ ஒரு படத்தை மானிட்டருக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது, அந்தப் படத்தின் அகலம் உயரம்தான் ரெசல்யூஷன். டெஸ்க்டாப்பை மாற்றும்போது அந்தப் படத்தில் எந்த விண்டோக்களை வரைவது என்பது மட்டும்தான் மாறுகிறது. டெஸ்க்டாப் 2-ல் போய் ரெசல்யூஷனைக் குறைத்தீர்களானால் டெஸ்க்டாப் 1-ம் சேர்ந்தே குறையும். ஸ்கேலிங்கும் அப்படியே.

வேடிக்கை என்னவென்றால், இது நடக்கவே முடியாத காரியம் இல்லை. 1985-ல் வந்த அமிகா கம்ப்யூட்டரில் பல திரைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக்கொள்ளலாம், ஒவ்வொன்றுக்கும் தனி ரெசல்யூஷன், தனி நிற எண்ணிக்கை. மேல் திரையை மவுஸால் கீழே இழுத்தால் பின்னாலிருக்கிற திரை அதன் சொந்த ரெசல்யூஷனிலேயே எட்டிப்பார்க்கும். மானிட்டரில் படம் மேலிருந்து கீழாக வரி வரியாக வரையப்படும்போதே நடுவில் முறையை மாற்றிக்கொள்ள அதன் சிப்புக்குத் தெரியும். விண்டோஸுக்கோ சாதாரண விர்ச்சுவல் டெஸ்க்டாப்பே 2015 ஜூலையில் விண்டோஸ் 10 வந்தபோதுதான் உடன்பிறந்ததாகக் கிடைத்தது. அதற்கு முன்னால் எக்ஸ்பி காலத்தில் பவர்டாய்ஸ் என்று மைக்ரோசாஃப்ட் தனியாகக் கொடுத்த ஒரு கருவியில் நான்கு டெஸ்க்டாப் வரை வைத்துக்கொள்ள முடிந்தது.

ஆன்லைன் மீட்டிங்கில் திரையைப் பகிரும்போது வேறு டெஸ்க்டாப்பில் இருப்பதை மற்றவர்கள் பார்ப்பார்களா?

முழுத் திரையைப் பகிர்ந்திருந்தால், நீங்கள் அந்த டெஸ்க்டாப்புக்கு மாறிய நொடியில் பார்ப்பார்கள். இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் சம்பளப் பட்டியலைத் "தனி டெஸ்க்டாப்பில்தானே வைத்திருக்கிறேன்" என்ற தைரியத்தில் மீட்டிங் நடுவே அந்தப் பக்கம் போய் வந்த ஒருவரை எனக்குத் தெரியும். அவர் நான்தான். முழுத் திரையைப் பகிர்வது என்றால் மானிட்டரில் எது தெரிகிறதோ அது போகும், டெஸ்க்டாப் எண்ணெல்லாம் அதற்குத் தெரியாது. ஒரு விண்டோவை மட்டும் பகிருங்கள், அதுதான் பாதுகாப்பு.

விர்ச்சுவல் டெஸ்க்டாப் பூட்டும் இல்லை, சாவியும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர் இரண்டு கீ அழுத்தினால் எல்லாம் தெரியும். குழந்தைக்கும் உங்களுக்கும் தனித்தனி வேண்டும் என்றால் தனி யூசர் அக்கவுண்ட் போடுங்கள்.

ஆல்ட்-டேப் கொடுத்தால் பாதி விண்டோக்கள் வருவதில்லை, தொலைந்துவிட்டனவா?

வேறு டெஸ்க்டாப்பில் இருக்கும். செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் மல்டிடாஸ்கிங், அதற்குள் டெஸ்க்டாப்ஸ் என்ற பகுதிக்குப் போங்கள். டாஸ்க்பாரில் எந்த விண்டோக்களைக் காட்டுவது, ஆல்ட்-டேபில் எவற்றைக் காட்டுவது என்று இரண்டு தேர்வுகள் இருக்கும். இரண்டிலும் "இப்போதிருக்கிற டெஸ்க்டாப் மட்டும்" அல்லது "எல்லா டெஸ்க்டாப்பும்" என்று வைக்கலாம். நான் டாஸ்க்பாரில் இப்போதையது மட்டும், ஆல்ட்-டேபில் எல்லாம் என்று வைத்திருக்கிறேன். டாஸ்க்பாரில் எல்லாவற்றையும் காட்டச் சொன்னால் பிரித்து வைத்ததற்கே அர்த்தமில்லாமல் போகிறது.

வாட்ஸ்ஆப் மட்டும் எல்லா டெஸ்க்டாப்பிலும் கூடவே வர வேண்டும், முடியுமா?

முடியும். டாஸ்க் வியூவைத் திறந்து அந்த விண்டோவின் மேல் வலது கிளிக் செய்தால், இந்த விண்டோவை எல்லா டெஸ்க்டாப்பிலும் காட்டு என்ற தேர்வு இருக்கும். அதற்குக் கீழேயே இந்த செயலியின் எல்லா விண்டோக்களையும் காட்டு என்று இன்னொன்று. பாட்டு, கால்குலேட்டர் மாதிரி விஷயங்களுக்கும் நல்லது.

கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் இந்த அமைப்பெல்லாம் நிற்குமா?

டெஸ்க்டாப்புகளும் பெயர்களும் நிற்கும். விண்டோக்கள் நிற்காது, மறுபடி திறந்து இழுத்துப்போட வேண்டும். அதனால்தான் நான் லேப்டாப்பை ஷட்டவுன் செய்யாமல் ஸ்லீப்பில் போடுகிறேன்.

இரண்டு மானிட்டர் இருக்கிறது. ஒன்றில் மட்டும் டெஸ்க்டாப் மாற வேண்டும்.

விண்டோஸில் இரண்டும் சேர்ந்தேதான் மாறும். மேலே சொன்ன மாதிரி இரண்டாவது மானிட்டரில் இருக்கிற விண்டோவை எல்லா டெஸ்க்டாப்பிலும் காட்டச் சொல்லிவிட்டால் அது அசையாமல் நிற்கும், ஏறக்குறைய நீங்கள் கேட்டது கிடைத்துவிடும். மேக்கில் மானிட்டருக்கு மானிட்டர் தனித்தனி டெஸ்க்டாப் என்ற வசதியே இருக்கிறது. லினக்ஸில் க்னோம் என்ற டெஸ்க்டாப் சூழல் வைத்திருப்பவர்களுக்கு முதன்மை மானிட்டரில் மட்டும் மாறும்படி வைத்துக்கொள்ளலாம்.

எழுத்து ரொம்பச் சின்னதாக இருக்கிறது. ரெசல்யூஷனைக் குறைத்தால் பெரிதாகிறது, அதில் என்ன தப்பு?

பெரிதாகும், கூடவே மங்கும். இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தெரியும். ப்ரௌசிங் சென்டர் காலத்துப் பெட்டி மானிட்டர்களில் 800×600, 1024×768 என்று எதை வைத்தாலும் படம் ஓரளவு ஒழுங்காகவே இருந்தது. அந்த சி.ஆர்.டி. குழாயில் நிரந்தரமான பிக்சல் கட்டங்கள் கிடையாது, எலக்ட்ரான் கற்றை எத்தனை வரி வரையச் சொன்னாலும் வரையும். இப்போதிருக்கிற எல்சிடி பேனல் அப்படி இல்லை. 1920×1080 என்றால் கண்ணாடிக்குள் 20,73,600 பிக்சல்கள் எண்ணி வைத்து அடைத்திருக்கிறார்கள். அதற்கு 1366×768 படம் அனுப்பினால் ஒரு பிக்சலை ஒன்றே கால், ஒன்றரை பிக்சலில் எல்லாம் வரைய முடியாது, ஆகவே பக்கத்துப் பிக்சல்களோடு கலந்து பூசி மெழுகுகிறது. அந்த மெழுகல்தான் மங்கல்.

ஆங்கில எழுத்தைவிடத் தமிழுக்கு இதில் அடி அதிகம். "ஞ", "ணை", "ஜூ" மாதிரி சுழியும் வளைவும் நெருங்கி வரும் எழுத்துகள் முதலில் குழம்பும், அப்புறம் மெய்யெழுத்தின் புள்ளி காணாமல் போகும். எங்கள் பெரியப்பா லேப்டாப்பில் எழுத்து பெரிதாக வேண்டும் என்று 1024×768 வைத்திருந்தார். அது நான்குக்கு மூன்று விகிதம். அகலத் திரையில் இழுத்து நிரப்பினால் எல்லாம் பக்கவாட்டில் மூன்றில் ஒரு பங்கு கொழுத்துவிடும். கல்யாண ஆல்பத்தில் எல்லார் முகமும் உப்பியிருந்ததற்கு அவர் போட்டோகிராஃபரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

எழுத்து பெரிதாக வேண்டுமா, செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே போய் ரெசல்யூஷனை "ரெகமெண்டட்" என்று எழுதியிருப்பதிலேயே விட்டுவிடுங்கள், அதற்கு மேலே இருக்கிற ஸ்கேல் என்பதை 125 அல்லது 150 சதவீதம் ஆக்குங்கள். எழுத்தைப் பெரிதாகப் புதிதாக வரையும், பிக்சல் பிக்சலாகக் கூர்மையாக. பட்டன், படம் எல்லாம் அதே அளவில் இருக்கட்டும், எழுத்து மட்டும் பெருக்க வேண்டும் என்றால் அக்ஸசிபிலிட்டி பகுதியில் டெக்ஸ்ட் சைஸ் என்று தனியாக ஒரு ஸ்லைடர் உண்டு, 225 சதவீதம் வரை போகும்.

அப்போது ஸ்கேலிங் எவ்வளவு வைக்கலாம்?

ஒரு அங்குலத்தில் எத்தனை பிக்சல் என்பதைப் பொறுத்தது. விண்டோஸ் கணக்கில் அங்குலத்துக்கு 96 என்பது 100 சதவீதம். 24 அங்குல ஃபுல் எச்டி (1920×1080) மானிட்டரில் சுமார் 92 வருகிறது, ஆகவே அதில் 100 சரி. அதே ஃபுல் எச்டியை 15.6 அங்குல லேப்டாப்பில் அடைத்தால் 141, அங்கே 125 அல்லது 150. 27 அங்குலத்தில் 4கே (3840×2160) வாங்கியவர்கள் 150-ல் தொடங்கிப் பாருங்கள். ஆனால் கண்ணாடி போட்டிருப்பவர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், முதுகை வளைக்காமல் படிக்க முடிகிற அளவு எதுவோ அதுவே சரியான அளவு.

ஒரு விஷயம் பலர் கவனிப்பதில்லை. ஃபுல் எச்டியில் 150 சதவீதம் வைத்தால் வேலை செய்யக் கிடைக்கிற இடம் 1280×720-க்குச் சமம். அதாவது பழைய 1366×768 லேப்டாப்பைவிடக் குறைவு! "புது லேப்டாப்பில் எக்செல் வரிகள் குறைவாகத் தெரிகின்றனவே" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். 125 வைத்தால் 1536×864. எழுத்தின் கூர்மை ரெசல்யூஷனிலிருந்து வருகிறது, இடம் ரெசல்யூஷனை ஸ்கேலிங்கால் வகுத்தால் வருகிறது. அதற்கு மேலும் இடம் வேண்டுமென்றால் விர்ச்சுவல் டெஸ்க்டாப்தான், அல்லது பெரிய மானிட்டர்.

எல்லாம் கூர்மையாக இருக்கிறது, ஒரே ஒரு பழைய புரோகிராம் மட்டும் மங்கல்.

அந்தப் புரோகிராமுக்கு ஸ்கேலிங் என்றாலே என்னவென்று தெரியாது. அது 100 சதவீதத்தில் வரைந்து கொடுக்க, விண்டோஸ் அதை போட்டோவைப் பெரிதாக்குவது போல இழுத்துக் காட்டுகிறது. கணக்கு மென்பொருள்கள், பழைய டிடிபி கருவிகளில் இது சகஜம். அதன் ஐகானில் வலது கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், கம்பேட்டிபிலிட்டி, அங்கே ஹை டிபிஐ செட்டிங்ஸ் பட்டனை அழுத்தி, கடைசியில் இருக்கிற ஓவர்ரைடு என்ற கட்டத்தை டிக் செய்தால் மூன்று தேர்வு கிடைக்கும். முதலில் "சிஸ்டம் என்ஹான்ஸ்டு" போட்டுப் பாருங்கள், பலன் இல்லையென்றால் "அப்ளிகேஷன்". இரண்டாவதில் கூர்மை வந்துவிடும், ஆனால் சில சமயம் பட்டன்கள் எறும்பு சைஸுக்குப் போய்விடும். எது தேவலை என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஓ.எஸ். புதிதாகப் போட்டேன், 1024×768-க்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறது.

டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் என்பதைத் திறந்து பாருங்கள். "மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்" என்றிருந்தால் கிராபிக்ஸ் டிரைவர் போடவில்லை என்று அர்த்தம். இன்டெல், ஏஎம்டி, என்விடியா எதுவோ அதன் டிரைவரை லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்து எடுத்துப் போடுங்கள், தீர்ந்தது.

டிவியில் இணைத்தால் ஓரங்கள் வெட்டிப்போகின்றன, டாஸ்க்பாரே தெரிவதில்லை.

கம்ப்யூட்டரைத் தொடாதீர்கள், டிவி ரிமோட்டை எடுங்கள். பழைய ஒளிபரப்புகளில் ஓரத்தில் வரும் குப்பையை மறைக்க டிவிக்காரர்கள் படத்தைச் சற்றே பெரிதாக்கி ஓரங்களை வெளியே தள்ளும் ஓவர்ஸ்கேன் என்ற பழக்கம் வைத்திருந்தார்கள், அது இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. படத்தின் அளவு மெனுவில் ஸ்க்ரீன் ஃபிட், ஜஸ்ட் ஸ்கேன், ஒன்றுக்கு ஒன்று என்று கம்பெனிக்குக் கம்பெனி வேறு பெயரில் இருக்கும்.

புரொஜெக்டர் மாட்டியதும் லேப்டாப் திரையும் சேர்ந்து அசிங்கமாகிவிடுகிறது.

டூப்ளிகேட் முறையில் இருக்கிறீர்கள். இரண்டிலும் ஒரே படம் வர வேண்டுமென்றால் இரண்டும் ஒத்துக்கொள்கிற ரெசல்யூஷனுக்கு இறங்க வேண்டியிருக்கும், கூட்டத்தில் குள்ளமானவர் உயரத்துக்குக் கூரை போடுகிற மாதிரி. விண்டோஸ் கீயும் பி-யும் (P) அழுத்தி எக்ஸ்டெண்ட் என்று மாற்றுங்கள். அதற்கது அதன் ரெசல்யூஷனில் ஓடும், குறிப்பும் உங்கள் திரையிலேயே இருக்கும். புரொஜெக்டர் வாங்கும்போது "1080பி சப்போர்ட்டட்" என்ற வார்த்தையை நம்பாதீர்கள். அந்த சிக்னலை வாங்கிக்கொள்ளும் என்றுதான் அதற்கு அர்த்தம், உள்ளே 854×480 பிக்சல்தான் இருக்கும் மலிவு மாடல்கள் உண்டு. நேட்டிவ் ரெசல்யூஷன் எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள்.

ரெசல்யூஷன் மாற்றினேன், திரை கருப்பாகிவிட்டது!

கையைக் கட்டிக்கொண்டு 15 நொடி சும்மா இருங்கள். நீங்கள் உறுதி செய்யாவிட்டால் விண்டோஸே பழையபடி திருப்பிவிடும். எதையும் மாற்றாமலே கருப்பானால் விண்டோஸ் கீ, கண்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் அழுத்துங்கள், கிராபிக்ஸ் டிரைவர் மறுபடி தொடங்கும், திறந்திருக்கிற வேலை எதுவும் போகாது.

மானிட்டரைக் கழற்றிய பிறகு ஒரு விண்டோ வெளியே எங்கோ மாட்டிக்கொண்டது.

ஆல்ட்-டேபில் அதைத் தேர்ந்தெடுங்கள், ஆல்ட்டும் ஸ்பேஸும் அழுத்திவிட்டு எம் அழுத்துங்கள், ஏதாவது ஒரு அம்புக்குறியை ஒருமுறை தட்டிவிட்டு மவுஸை நகர்த்தினால் விண்டோ மவுஸோடு ஒட்டிக்கொண்டு வரும். முதல் தடவை செய்து காட்டும்போது எல்லாரும் மாயாஜாலம் மாதிரி பார்ப்பார்கள்.

4கே மானிட்டரில் மவுஸ் இழுத்து இழுத்து நகர்கிறது.

அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேயில் ரெஃப்ரெஷ் ரேட் பாருங்கள், நொடிக்கு எத்தனை தடவை படம் புதிதாக வருகிறது என்பதுதான் அது. 30 ஹெர்ட்ஸ் என்றிருந்தால் எச்டிஎம்ஐ 1.4-ல் மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள், அதில் 4கே அதற்கு மேல் போகாது. 60 வேண்டுமென்றால் எச்டிஎம்ஐ 2.0 அல்லது டிஸ்ப்ளேபோர்ட் வழியாக இணையுங்கள். லேப்டாப்பின் போர்ட், கேபிள், நடுவில் செருகிய அடாப்டர், மானிட்டரின் போர்ட் இந்த நான்கில் எது சோப்ளாங்கியோ அதுதான் வேகத்தை முடிவு செய்யும். பெரும்பாலும் அடாப்டர்தான்.

மேக்கிலும் லினக்ஸிலும் இதெல்லாம் எப்படி?

மேக்கில் விர்ச்சுவல் டெஸ்க்டாப் 2007-ல் லெப்பர்டு என்ற பதிப்பு வந்தபோது ஸ்பேசஸ் என்ற பெயரில் வந்தது, 2011-லிருந்து மிஷன் கண்ட்ரோலுக்குள் இருக்கிறது. கண்ட்ரோலும் இடம் வலம் அம்புக்குறியும் அழுத்தினால் மாறும். ரெசல்யூஷன் எண்களை மேக் உங்கள் கண்ணில் அவ்வளவாகக் காட்டாது. பெரிய எழுத்து, அதிக இடம் என்று இரண்டு முனை வைத்து நடுவில் தேர்ந்தெடுக்கச் சொல்லும், சொல்லப்போனால் விண்டோஸும் இப்படியே கேட்டிருந்தால் எனக்கு வேலை பாதியாகக் குறைந்திருக்கும்.

லினக்ஸில் இதற்கு வொர்க்ஸ்பேஸ் என்று பெயர், விண்டோஸ்காரர்கள் இதைக் கேள்விப்படுவதற்கு முன்பே அங்கே வழக்கத்தில் இருந்தது. க்னோமில் சூப்பர் கீயுடன் (விண்டோஸ் கீதான் அது) பேஜ் அப், பேஜ் டவுன் அழுத்தினால் வொர்க்ஸ்பேஸ் மாறும், அதோடு ஷிஃப்ட்டையும் சேர்த்து அழுத்தினால் கையிலிருக்கிற விண்டோவும் கூடவே வரும். ஆமாம், நான் விண்டோஸில் இல்லை என்று புலம்பிய அதே ஷார்ட்கட்.